நனையாத மண்

காலையில் பாத்தியில் கணுக்கால் வரை நின்ற உப்புநீர், கெமிஸ்ட்ரி வாத்தியார் சித்தார்த்தன் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது பாதிகூட இல்லை. நேற்றும் இப்படித்தான்.

மரக்காணத்து உப்பளத்தில் அப்பா விட்டுப்போன குத்தகை அந்த ஒரு பாத்திதான். இந்தக் கோடையில் அதில் உப்பு விளையாவிட்டால், புதுச்சேரியில் மைத்துனன் நடத்தும் டியூஷன் சென்டருக்கே கெமிஸ்ட்ரி எடுக்கப் போய்விடலாம் என்று மனைவி வைஜெயந்திக்கு வாக்குக் கொடுத்திருந்தான். அங்கே மாடி வீடு, ஏசி, தினமும் மைத்துனனின் அறிவுரை. அதற்குப் பயந்தே இந்தப் பாத்தியைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

"தரை ஒழுகுது வைஜி."

"அப்ப விட்டுடலாங்களா?"

"விடறதா? துணிக்குப் போடுற கண்டிஷனர் நாலு கேன் வாங்கிட்டு வா."

அவள் முழித்தாள். அவனுக்கு அது போதும், விளக்க ஆரம்பித்துவிட்டான்.

"களிமண்ணு அப்பளக்கட்டு மாதிரி. தட்டுத் தட்டா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் மைனஸ் சார்ஜ். நடுவுல சோடியம் உக்காந்துக்கிட்டு தண்ணிய உள்ள கூப்புடும். கண்டிஷனர்ல இருக்கற மூலக்கூறுக்கு தலை பிளஸ்ஸு, வாலு எண்ணெய். தலை சோடியத்தத் தள்ளிட்டு தட்டுல ஒட்டிக்கும், வாலு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் மண்ணு தண்ணிய கிட்டயே சேக்காது. சேக்கலன்னா எப்படி ஒழுகும்?"

கடைசிவரை கேட்டுவிட்டு அவள் கடைக்குப் போனாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பொறுமையை அவன் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாத்தியை வற்றவைத்து, கண்டிஷனரை ஊற்றிச் சேற்றோடு மிதித்தான். தரை காய்ந்ததும் கையால் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். சேப்பங்கிழங்கு இலைமேல் உருள்வதுபோல முத்து முத்தாக உருண்டது. அந்த ஒரு நிமிடம் அவனைப்போல் சந்தோஷமானவன் அந்தக் கடற்கரையில் இல்லை. அடுத்த நிமிடம் முத்துகள் உருண்டு ஒரு வெடிப்புக்குள் போய் மறைந்தன.

மறுநாள் உப்புநீர் விட்டான். மாலையில் பாத்தியில் சொட்டு இல்லை.

"டோஸ் பத்தல" என்றான்.

"இன்னும் நாலு கேன் வாங்கட்டுங்களா?" என்று அவளே கேட்டாள். இப்படி ஒரு மனைவியா என்று அவன் உடனே பர்ஸை எடுத்து நீட்டினான்.

இந்தமுறை நுரை கிளம்பியது. கடற்காற்று அதை அள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்துப் பாத்தியில் கொட்டியது. அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த கமலாம்பாள் நிமிர்ந்தாள்.

"ஏன் சார், ஊரு துணியெல்லாம் உங்க பாத்தியிலதான் தொவைக்கிறாங்களா?"

மூலையில் ஒரு கூடை உப்பு மட்டும் விளைந்தது. தரகர் அதை முகர்ந்து பார்த்தார். "லாவண்டர் வாசனை வருதே தம்பி. இத சாம்பார்ல போடறதா, பீரோவுல வைக்கறதா?" என்று கேட்டுவிட்டு பைக்கை எடுத்தார்.

அன்றைக்குத்தான் அவனுக்கு உறைத்தது. களிமண் தண்ணீரைக் குடித்து உப்புவதால்தான் வெடிப்புகள் மூடிக்கொள்கின்றன. ஒழுகாமல் இருப்பதற்குக் காரணமே அந்தக் குடிதான். அதை இவன் நிறுத்திவிட்டான். இனி அந்த வெடிப்புகள் எந்தக் காலத்திலும் மூடாது.

மண்வெட்டியை எடுத்து மேல்மண்ணை வழித்தான். வாசனை போகும்வரை வழித்தான். அப்பாவும் கூலிக்காரர்களும் வருஷக்கணக்காய் மிதித்து இறுக்கிய தரை கட்டி கட்டியாய்ப் பெயர்ந்து, அடியில் மணல் எட்டிப்பார்த்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். ஊற்றிய சத்தம் அடங்குவதற்குள் காணவில்லை.

வரப்பில் உட்கார்ந்து போன் செய்தான்.

"புதுச்சேரிக்கே போயிடலாம் வைஜி."

"உங்க மனசு போலங்க" என்றாள் அவள், மெல்ல.

கூடையோடு அந்தப் பக்கமாக வந்த கமலாம்பாள், பெயர்ந்து கிடந்த தரையைப் பார்த்து நின்றாள். அவனைப் பார்க்கவும் பாவமாக இருந்தது. பேச்சுக் கொடுத்தால் தேவலை என்று நினைத்தாளோ என்னவோ.

"ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் சார். நீங்க அந்த கேன ஊத்தறதுக்கு முன்னாடிலேர்ந்தே, தெனம் நீங்க ஸ்கூலுக்குப் போனதும் உங்க வூட்டம்மா வந்து மடையத் தொறந்து தண்ணிய வெளிய வுட்டுட்டு, மறுபடியும் மூடிட்டுப் போறாங்களே, அதுவும் இந்த கெமிஸ்ட்ரியில சேத்திதானா?"