வீரனைச் சாகவிடாதவர்

"பண்டைய காவியங்களைத் தொடக்கம் முதல் இறுதிவரை, பன்னிரண்டு புதன்கிழமைகளில், சுருக்கமாகவும் முழுமையாகவும் சொல்லி நிறைவுசெய்பவர்."

பொது நூலகத்தின் மாடிப்படிச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பு கதைசொல்லியை இப்படித்தான் அறிமுகம் செய்கிறது. இதில் புதன்கிழமை என்பது மட்டும் உண்மை. கதை தொடங்கி அறுபத்திரண்டு புதன்கிழமைகள் ஓடிவிட்டன. வீரன் இன்னும் உயிரோடு இருக்கிறான். போன வாரம் அவனுக்கு லேசாகத் தும்மல் வந்தது; அதையும் ஒரு தேவதை இறங்கி வந்து குணமாக்கிவிட்டுப் போனாள்.

வாசகரே, இவர் தனி ஆள் அல்ல, ஓர் இனம். சாகவிடாதவர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இவர்களை அடையாளம் காண்பது சுலபம். செத்துப்போனவரைப் பற்றி, "கொஞ்ச நாளா கண்ணுல படல" என்பார்கள். உயில் எழுதச் சொன்னால் பேனாவில் மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், இருந்தால் வருத்தப்படுவார்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரிடம், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று, ஏதோ தாங்களே கத்தியைப் பிடிக்கப்போவதுபோலச் சொல்வார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நம் கதைசொல்லி முப்பத்தோரு வருடம் காப்பீட்டு அலுவலகத்தில் மரண உரிமைக் கோரிக்கைப் பிரிவில் இருந்தவர். ஒரு நாளைக்கு நாற்பது கோப்புகளில் 'இறந்தார்' என்று முத்திரை குத்திய கை அவருடையது. குத்தியது கைதான். வாய்க்கு வேலை வரவில்லை.

அவர் சொல்லும் காவியத்தில் பெரிய சிக்கல் ஏதும் இல்லை. கடல் தேவனுக்கும் ஒரு படகோட்டியின் மகளுக்கும் பிறந்தவன் வீரன். அப்பாவிடமிருந்து தோளும் திமிரும் வந்தன; அம்மாவிடமிருந்து சாவு வந்தது. மூன்று கோட்டைகளைப் பிடிக்கிறான், ஒரு ராட்சசனை இரண்டாகப் பிளக்கிறான், வெற்றியோடு ஊர் திரும்புகிறான். கரையில் இறங்கும்போது சொந்தக் கப்பலின் மரச்சிராய் ஒன்று காலில் ஏறுகிறது. ஏழாம் நாள் சாகிறான். வாளுக்குத் தப்பியவனைச் சிராய் முடித்துவிடுகிறது. கரையில் இறங்கியபின் நடப்பதெல்லாம் கடைசிப் பதினொரு பக்கங்களில் இருக்கிறது. அந்தப் பதினொன்றையும் சேர்த்துத் துணி கவ்வும் கிளிப் ஒன்றால் இறுக்கி வைத்திருக்கிறார் கதைசொல்லி.

ஆகவே இருபத்தொன்பது வாரங்களாகக் கப்பல் கரைக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. நிற்கும் கப்பலில் அவர் சும்மா இருப்பாரா? பாய்மரத்தை நெய்தவளின் பூர்வீகத்தைச் சொன்னார், நங்கூரம் வார்த்த கொல்லனின் காதலைச் சொன்னார், அந்தக் காதலுக்குக் குறுக்கே நின்ற சித்தப்பாவைச் சொன்னார், சித்தப்பா வளர்த்த குதிரைக்கு மூன்று தலைமுறைக்கு முன் ஒரு தேவன் கொடுத்த வரத்தைச் சொன்னார். அந்த வரம் எதற்கும் பயன்படவில்லை. குதிரைக்கும் பயன்படவில்லை.

"சார், வீரனுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?" என்று ஒரு நாள் நூலகர் அம்மா கேட்டார்.

"காவியத்துல வயசெல்லாம் கிடையாதும்மா."

"நமக்கு இருக்கே சார். ஏழு மணிக்கு நான் பூட்டணும்."

முன்வரிசை இடது ஓரத்தில் ஒரு வாரம்கூடத் தவறாமல் உட்காருபவர் லிஃப்ட்காரர். முப்பத்தெட்டு வருடம் அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுது பார்த்தவர். அறுபத்திரண்டாவது புதன்கிழமை, கூட்டம் கலைந்தபிறகு அவர் மட்டும் நின்றார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறக்கப்போறாங்க சார். வியாழன் காலையில அட்மிஷன். நடுவுல ஒரு புதன்தான் இருக்கு. கதைய முடிச்சுடுங்களேன்."

"அட, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க."

"ஆகும்னு நான் சொல்லலையே. அவன் என்ன ஆனான்னுதான் கேக்கறேன்."

"அவனுக்கென்ன, நல்லா இருக்கான்."

லிஃப்ட்காரர் சிரித்தார். "பாதியில நின்ன லிஃப்ட்டுலேர்ந்து எத்தனையோ பேரை இறக்கி விட்டிருக்கேன் சார். உள்ள இருக்கிறவங்க எல்லாரும் ஒண்ணுதான் கேப்பாங்க. மேல போகுதா, கீழ போகுதான்னு. எதுன்னு சொல்லிட்டா அமைதியாயிடுவாங்க. நிக்கிறதுதான் தாங்காது."

கதைசொல்லி வாக்குக் கொடுத்தார். வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்தார். சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் முன்னால் நின்று, "அப்போது வீரன்..." என்று தொடங்கி, தண்ணீர் குடித்தார். மறுபடி தொடங்கி, ஜன்னலைச் சாத்தினார்.

"வீரன் என்ன பண்ணான்?" என்றார் மனைவி, தலையைத் தூக்காமல்.

"கண் மூடினான்."

"தூங்கவா?"

"அப்படியும் வெச்சுக்கலாம்."

"எதிர்வீட்டுக்காரர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் அவரு ஊருக்குப் போயிருக்கார்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கீங்க. அவரோட சம்சாரம் என்கிட்ட வந்து, எந்த ஊருன்னு உங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா கேட்டுச் சொல்லுங்கன்னுட்டாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கிறதுன்னு தெரியல."

புதன்கிழமை வந்தது. கப்பல் கரையைத் தொட்டது. வீரன் வலது காலைத் தூக்கினான். சிராய் நீட்டிக்கொண்டிருந்தது. கதைசொல்லி லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்தார். பார்த்த அந்த நொடியில், எந்தக் காவியத்திலும் இல்லாத, எந்தக் கோயிலும் கேள்விப்படாத புதுத் தேவன் ஒருவன் வானத்திலிருந்து குதித்து வீரனுக்கு ஒரு ஜோடி செருப்பைக் கொடுத்தான்.

பின்வரிசையில் ஒருவர் நிம்மதியாக மூச்சு விட்டார். சாகவிடாதவர்களுக்கு ரசிகர்கள் குறைவில்லை.

லிஃப்ட்காரர் எழுந்தார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நல்ல செருப்பு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

மறுநாள் மாலை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்கியதும், கதைசொல்லி புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் நின்றார். நேரம் ஐந்து மணிவரை. லிஃப்ட்காரர் பச்சை அங்கியில், மார்பு மழிக்கப்பட்டு, உரித்த கோழிபோல உட்கார்ந்திருந்தார். அதை அவரே சொல்லிச் சிரித்தார்.

கதைசொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். வழியில் இருந்த நெரிசலைப் பற்றிச் சொன்னார். மழை வரும்போல இருக்கிறது என்றார். இந்த வார்டில் காற்று நன்றாக வருகிறது என்றார். ஜன்னல் மூடியிருந்தது. தலையணை பரவாயில்லையா என்று கேட்டார். இப்படியே நாலு நாற்பது ஆகிவிட்டது.

"சார், கிளிப்பை எடுங்க" என்றார் லிஃப்ட்காரர்.

எடுத்தார். வேறு வழி இல்லாததால் வாசித்தார். செருப்பு கொடுத்த தேவன் அச்சில் எங்குமே இல்லை. சிராய் ஏறியது, கால் வீங்கியது, ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் கடல் தேவனே அலையை விட்டு எழுந்து மகனின் படுக்கையருகே வந்து உட்கார்ந்தான். சாவே இல்லாதவன், சாகிறவனிடம் என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. காற்று நன்றாக வீசுகிறது என்றான். இந்த வருடம் மீன் அதிகம் என்றான்.

கதைசொல்லி நிறுத்தினார். காதுமடல் சூடானது.

"அப்பனுக்கும் பேச வராதா?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். குரலில் நல்ல குஷி.

இங்கேதான், வாசகரே, உங்களிடம் ஒரு வார்த்தை. சிரித்துவிட்டீர்கள், சரி. உங்கள் கைபேசியில் இனி ஒருபோதும் எடுக்கப்படாத ஓர் எண்ணை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்களே, அது யாருடையது? போன முறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சாலைப் பள்ளங்களைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தது யார்? கவலைப்படாதீர்கள், பெரிய இடத்துச் சகவாசம்தான். கடல் தேவனே இந்த இனம்.

நர்ஸ் வந்து, "பத்து நிமிஷம்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கி. கதைசொல்லி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஒருமுறைக்கு மேல் துடைக்கவில்லை.

"நிஜமாவே கேக்கணுமா?"

"கேக்கத்தானே சார் அறுபத்து மூணு வாரம் உக்காந்திருந்தேன்."

ஏழாம் நாள் காலையில் வீரன் தண்ணீர் கேட்டான். கடல் தேவனிடம் இருந்ததெல்லாம் உப்புத் தண்ணீர். அம்மா கிணற்றிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான்.

ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது கதைசொல்லி, "செத்துப்போனான்" என்று சத்தமாகச் சொல்லி, புத்தகத்தை மூடிவிட்டு, நர்ஸ் வந்து கிளம்பச் சொல்லும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.