கடல்நாய் அண்ணையை நாங்கள் காப்பாற்றிய விதம்

பாரிசிலேயே கடல்நாய் வேட்டைக்குப் போய் வந்த ஒரே தமிழன் நான்தான்.

சரி, பொய். நான் இதுவரை வேட்டையாடியது, பாரிசில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், மீன் கடையில் விளைமீன். அதையும் வெட்டித் தரச் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நிற்கிற வீரன் நான். உண்மையாகவே போய் வந்தவர் கடல்நாய் அண்ணை. லா சப்பலில் அவர் சொல்வதை நம்பியவன் ஒருவனும் இல்லை. பொய்யே சொல்லத் தெரியாத தமிழனும் அவரைத் தவிர வேறு இல்லை.

அகதியாக டென்மார்க்குக்குப் போனவர், அங்கிருந்து கிரீன்லாந்தில் மீன் ஃபக்டரி வேலைக்குப் போய்விட்டார். அங்கே சனம் கடல்நாய் சுட்டுத்தான் சாப்பிடும். பனிக்கட்டியில் கத்தரிக்காய் முளைக்காதே. ஆனால் சுட்டதை அரசாங்கத்துக்கு அறிவிக்கவேண்டும். கரைக்கு வந்தது எத்தனை, சூடு பட்டும் கைக்கு வராமல் கடலுக்குள் தாண்டு போனது எத்தனை, எல்லாம். அண்ணை, மாலிக் என்ற வேட்டைக்காரனோடு வேட்டைக்கும் போவார், வீடு வீடாகப் போய் இதைக் கேட்டும் வருவாராம். வேலையை விட்டுப் பாரிசுக்கு வந்த பிறகும் கேள்வி அவரை விடவில்லை.

ரோல்ஸ் கடையில் நின்றால் பிடித்துக்கொள்வார்.

“தம்பி, எத்தினை ரோல்ஸ் எடுத்தனி?”

“மூண்டு, அண்ணை.”

“ஆருக்குப் பங்கு குடுத்தனி?”

“ஒருத்தருக்கும் இல்லை.”

“கீழை விழுந்தது?”

“ஒண்டு. ஊதிப்போட்டுச் சாப்பிட்டிட்டன்.”

“அப்ப அது கரைக்கு வந்த கணக்கு.”

மாலிக்கின் மனைவி கடல்நாய்த் தோலில் தைக்கும் தொப்பிகளை அண்ணைக்கு அனுப்புவாள். ஐரோப்பாவில் அந்தத் தோலை விற்கத் தடை. பனிநாட்டுப் பழங்குடிச் சனம் தங்கள் சாப்பாட்டுக்குச் சுட்டது என்று பத்திரம் இருந்தால் மட்டும் விற்கலாம். அண்ணையிடம் பத்திரம் இருந்தது. நான் வேலை செய்யும் டெலிபோன் கடையில், சார்ஜர்களுக்குப் பக்கத்தில் தொப்பிகளைத் தொங்கவிட்டு, பத்திரத்தை மேசைக்குள் வைத்தார்.

வாங்க வந்தவர்களைவிடத் திட்ட வந்தவர்கள்தான் அதிகம். ஒரு பிரெஞ்சு மதாம் “கொலைகாரர்களே!” என்று கண்ணீரே விட்டாள். அவள் கைப்பையிலிருந்து வாத்து ஈரல் டப்பா ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணை மிக மரியாதையாகப் பிரெஞ்சில் கேட்டார்: “இந்த வாத்தை ஆர் பிடிச்சது மதாம்? ஆருக்கெல்லாம் பங்கு?” மதாம் கதவை அறைந்து சாத்திய வேகத்தில் எங்கள் சார்ஜர்கள் சில தாண்டு போயின.

அவளோ வேறு எந்தப் புண்ணியவதியோ காட்டிக் கொடுத்திருக்கவேண்டும். ஒரு மத்தியானம் சுங்கக்காரர் இருவர் கடைக்குள் வந்தார்கள். அண்ணை சாப்பிடப் போயிருந்தார். தொப்பியைத் தூக்கிப் பிடித்து, “இது என்ன?” என்றார்கள்.

இங்கேதான் நம் இனத்தின் திறமை இருக்கிறது. உத்தியோகச் சட்டை போட்டவன் கேள்வி கேட்டால் எங்களுக்கு மூளைக்கு முதல் வாய் வேலை செய்யும். அதிலும் இப்போது அண்ணையைக் காப்பாற்றவேண்டும்!

“பிளாஸ்டிக். சீனாச் சாமான்” என்றார் முதலாளி ராசன்.

அதே நொடியில் நான், “ஆட்டுத்தோல், முசியே! நாங்களே உரிச்சது!” என்றேன்.

“எங்கே உரித்தீர்கள்?”

“இஞ்சை பக்கத்து ஊரிலை, வில்லியே லே பெல்லில.”

தொப்பிகள் எல்லாம் மூட்டையாகிச் சுங்கக் கந்தோருக்குப் போய்விட்டன.

அண்ணை வந்ததும், கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னோம். அவர் கத்தவில்லை. கதிரையில் இருந்துவிட்டார்.

“கடல்நாய் எண்டு சொல்லிப் பத்திரத்தைக் காட்டியிருந்தாக் காணும். தாண்டு போனதைக்கூட மறைக்காத மனுசனடா மாலிக். இனி அவன் சொல்லுறதை ஆர் நம்புவினம்? அவன்ர வீட்டுத் தோலை ஆர் வாங்குவினம்?”

“அப்ப நீங்கள் போய்ச் சொல்லுங்கோவன்” என்றார் ராசன்.

“பொய் சொன்ன வாய்தான் போய்ச் சொல்லவேணும். நான் வரமாட்டன். வந்தா, நான் சொல்லித் தந்ததெண்டு நினைப்பினம்.”

லா சப்பல் சரித்திரத்திலேயே, கூப்பிடாமல் ஒரு அரசாங்கக் கந்தோருக்குப் போய் உண்மை சொன்ன தமிழர்கள் நாங்கள் இருவரும்தான். பொய் சொல்லும்போது ஒருநாளும் வியர்க்காத ராசனுக்கு அன்று சட்டை நனைந்தது.

“முசியே, அது கடல்நாய்” என்று பத்திரத்தை நீட்டினேன்.

“அன்றைக்கு ஆடு என்றாயே?”

“அது பொய்.”

“ஏன் சொன்னாய்?”

“பழக்கம்.”

அந்த மனிதர் பத்திரத்தைப் புரட்டினார். எங்கேயோ போன் எடுத்துக் கதைத்தார். கடைசியில் மூட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

“உரியவரிடம், இல்லையென்றால் அவருடைய குடும்பத்தாரிடம்தான் கொடுப்போம். அவர் உனக்கு யார்?”

ராசன் என் காலை மிதித்தார். உண்மையைச் சொல்லு என்று மிதித்தாரா, பொய்யைச் சொல்லு என்று மிதித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

“கூடப்பிறந்த அண்ணை” என்றேன்.

மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தபோது அண்ணை ஒவ்வொரு தொப்பியாகத் தடவிப் பார்த்தார். மாலிக்குக்குப் போன் எடுத்து எங்களுக்கு விளங்காத பாஷையில் கதைத்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எல்லாம் உண்மைதானே சொன்னனி? ஒரு பொய்யும் சொல்லேல்லையே?”

அதற்கு நான் சொன்ன பதில் என்னவென்றால்...

கொஞ்சம் பொறுங்கோ, கடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

“டேய் தம்பி! தேத்தண்ணி ஆறுது. அங்கை இருந்து என்னத்தைக் கிறுக்கிறாய்?”

போகவேணும். கூடப்பிறந்த அண்ணை கூப்பிடுகிறார்.