வடலூர் பஸ்ஸும் கொள்ளிடக் குதிரையும்

மாதா துணை

கடலூர் முதுநகர்,
ஏப்ரல் 2012

அன்புள்ள மச்சான் ஆரோக்கிய ஜெகனுக்கு உன் அக்காள் புருஷன் சூசைமாணிக்கம் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். சிதம்பரத்தில் நீயும் கிரேசியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலையில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி சண்டை.

புயலடித்துக் கரண்ட் போயிருந்த ஜனவரியில் நீ மூன்று பைண்டு புத்தகம் கொண்டுவந்து போட்டாயே, பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துத் தைத்தது, அதில் வந்த வினை இது. உன் அக்காளுக்குக் கண் ஆபரேஷன் ஆன நேரம், டிவியும் ஓடவில்லை, சரியென்று சாயங்காலம் டீ குடித்துவிட்டு நான் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். முதல் அத்தியாயத்தில் குறிஞ்சிப்பாடி கிளார்க் வைத்திலிங்கம் வடலூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். பக்கத்தைத் திருப்பினால் கொள்ளிடக் கரையில் குதிரைமேல் போகிறான், பெயர் செம்பியன், சோழ நாட்டு ஒற்றன். அடுத்த அத்தியாயத்தில் மறுபடி ஆபீஸ், மேனேஜர் "ஏன்யா லேட்டு?" என்கிறார். ஆயிரம் வருஷம் பின்னால் போய்விட்டு வந்தவன் லேட்டாகத்தானே வருவான். காலப் பயணக் கதை என்றால் இதுதான் என்று அசந்துபோனேன். பெயர் மாறுகிறதே என்று கேட்டதற்கு உன் அக்காள், "பேன்ட்ட கழட்டிட்டு வேட்டி கட்டுறவன் பேர மாத்த மாட்டானா?" என்றாள்.

கரண்ட் வந்த பிறகும் டிவி போடவில்லை. கல்யாணமான புதிதில் சில்வர் பீச்சில் கடலை தின்றுகொண்டு போவோர் வருவோரைப் பார்த்துச் சிரிப்போம், அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது. பிள்ளைகள் வெளியூர் போனதிலிருந்து 'சாப்பிட வாங்க', 'மாத்திரை போட்டீங்களா' தவிர எங்களுக்குள் பேச்சே கிடையாது மச்சான். குருத்தோலை ஞாயிறோடு மூன்று பாகமும் தீர்ந்தது. அவள் பழையபடி வாய் திறக்காமல் கீரை ஆய உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் எழுத்து மட்டும் இன்னும் கலங்குகிறதாம், கீரையில் புழு நன்றாகத் தெரிகிறது. எனக்குப் பயமாகிவிட்டது.

மஞ்சக்குப்பத்து நூலகத்தில் சரித்திர நாவல்களாக அள்ளி வந்து வாசித்தேன். "இதுல எல்லாரும் அந்தக் காலத்துலேயே கெடக்குறாங்க, ஒருத்தனாவது பஸ்ஸுக்கு ஓடுறானா?" என்று தள்ளிவிட்டாள். மெஷினில் ஏறிக் காலம் கடக்கிற கதை கொண்டுவந்தேன். "மெஷினு எதுக்கு, நம்ம ஆளு பக்கத்தத் திருப்புனாலே போயிடுவானே" என்றாள். சிதம்பரம் கீழ வீதிப் பழைய புத்தகக் கடைகளிலும் ஏறி இறங்கினேன், நீ அன்று பார்த்து மங்கலம்பேட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். கடைசியில் நூலகத்து எழிலரசி மேடத்திடம் நம் பைண்டையே கொடுத்து, இந்த மாதிரி வேறு வேண்டும் என்றேன். அந்தம்மா புரட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "சார், இது ரெண்டு கதை. ஒரே பத்திரிகையில ஒரே சமயத்துல வந்துருக்கு. பைண்டு பண்ணவரு கதைய பிரிக்காம வாராவாரம் வந்த மாதிரியே அடுக்கித் தைச்சுட்டாரு." ரயில்வே பார்சல் ஆபீசில் ஒரு கட்டு இடம் மாறினாலும் கண்டுபிடித்தவன் நான். உன் பைண்டர் பக்கிரி என்னை மூன்று பாகம் ஏமாற்றியிருக்கிறார்.

உன் அக்காளிடம் சொல்லவில்லை. சொன்னால் செம்பியனும் வைத்திலிங்கமும் வேறு வேறு ஆளாகிவிடுவார்கள், அப்புறம் சாயங்காலம் நான் யாருக்கு வாசிப்பது. ஆகவே மச்சான், உன் பரண்மேல் கிடக்கிற பழைய பத்திரிகைகளில் ஒரு ராஜா கதையும் ஒரு ஆபீஸ் கதையும் கிழித்துப் பக்கிரியிடம் கொடு. ஒழுங்காக அடுக்குங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. அவர் ஒருவேளை திருந்தியிருந்தால் நீயே கலந்து கொடு. அக்காளிடம் மூச்சு விடாதே.

வேளாங்கண்ணி மாதா உன் வீட்டாரையும் பக்கிரியின் கைகளையும் இப்படியே காப்பாற்றட்டும்.

அன்புடன்,
சூசைமாணிக்கம்

பின்குறிப்பு: தம்பி, அக்கா பாத்திமா மேரி எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி எங்கிட்ட குடுத்தாரு, பிரிச்சுப் படிச்சுட்டேன். புதுக் கண்ணாடி போட்ட அன்னிக்கே எழுத்தெல்லாம் பளிச்சுனு தெரிஞ்சிடுச்சு, அவருகிட்ட சொல்லல. அந்த ரெண்டு கதையும் நம்ம வீட்டுல உன்கூட சண்ட போட்டுப் பிடுங்கி, வாராவாரம் படிச்சவதானேடா நானு. ஆனா குதிரைக்கு ஒரு கொரலு, பஸ்ஸுக்கு ஒரு கொரலுன்னு அவரு வாசிக்கிறது நான் எந்தப் பத்திரிகையிலயும் படிக்கல. நல்லா கலந்து அனுப்பு, ஜாஸ்தியா அனுப்பு. மாமாகிட்ட மூச்சு விடாத.