பறவை பார்க்க வந்தவர்கள்

தமிழ்நாட்டில் ஒரு அறிவிப்புப் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த மனிதர் ஒருவரே ஒருவர்தான். அவரும் இப்போது இல்லை. மிச்சமுள்ள நாமெல்லாம் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்பதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்குகிறவர்கள்.

அவர் வனக்காவலர். நான் அதே காட்டு வாசலில் இருந்த ஒற்றை அறை ஆபீசில் குமாஸ்தா. அவருடைய சம்பளப் பட்டியலை மாதாமாதம் எழுதியவனே நான்தான். இருந்தும் இன்று அவர் பெயர் நினைவுக்கு வரவில்லை. வட்டாரத்தில் ஒருவர்கூட அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. போர்டுகாரர் என்றுதான் சொல்வார்கள். அவர் மனைவியே அப்படித்தான் சொல்லுவார்.

தஞ்சாவூர்ச் சீமையில் காடு ஏது என்று கேட்பீர்கள். நானும் வேலை உத்தரவைக் கையில் வாங்கியபோது அப்படித்தான் கேட்டேன். வயல்கள் முடிந்து உப்பளம் தொடங்கும் கடலோரத்தில் சர்க்காருக்கு ஒரு காடு இருந்தது. மானும் பன்றியும் உண்டு. ஐப்பசி பிறந்தால் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து தண்ணீர்த் தேக்கத்தில் இறங்கும். லைசென்ஸ் வாங்கி வேட்டையாடவும், பர்மிட் வாங்கி முகாம் அடிக்கவும் அனுமதித்த காலம் அது.

வாசலில் விதிகள் எழுதிய பெரிய தகரப் பலகை. உப்புக்காற்று அந்தப் பலகையைத் தின்றுவிட்டது. வலது ஓரத்தை மட்டும் ஒரு பாலை மரம் மறைத்திருந்ததால், ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் தப்பித்தது. மேலிருந்து கீழே படித்தால் பெரும்பாலும் கூடாது, கூடாது, கூடாது என்றுதான் இருக்கும். என்னவெல்லாம் கூடாது என்பது போர்டுகாரரின் தலைக்குள் இருந்தது.

உள்ளே போகிறவர்கள் பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார், இவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். நெருப்பு மணல் குழியில் மட்டும். பச்சை மரம் வெட்டக் கூடாது. நாயை அவிழ்த்துவிடக் கூடாது. காட்டில் எதையும் போடக் கூடாது. காட்டிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது. வேட்டைக் காலம் தவிர மற்ற நாளில் ஆயுதம் எதுவானாலும் வாசலில் ஒப்படைத்துவிட்டு, திரும்பும்போது அதே வாசலில் பெற்றுக்கொள்ள வேண்டும். விசிட்டர்களை மரியாதையாக நடத்த வேண்டும். இந்தக் கடைசி விதி அவருக்கே ஆனது. அதையும் சேர்த்துத்தான் சொல்லச் சொல்லுவார்.

ஒருமுறை சீர்காழியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. சின்னப் பையன் கையில் தீபாவளிக்கு வாங்கின பொட்டு வெடித் துப்பாக்கி. போர்டுகாரர் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"குடுங்க தம்பி. போறப்ப வாங்கிக்கலாம்."

பையன் ஊரையே கூட்டினான். அப்பாக்காரர் கெஞ்சினார். நடக்கவில்லை. சாயங்காலம் அவர்கள் திரும்பும்போது, துணியால் துடைத்து வைத்திருந்த அந்தத் தகரத் துப்பாக்கியை இரண்டு கைகளிலும் ஏந்திக் கொடுத்து, "மறுபடி வாங்க" என்றார். பையன் அவருக்குச் சல்யூட் அடித்துவிட்டுப் போனான்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் மனைவிக்கும் விலக்கு இல்லை. அந்த அம்மாள் சாமர்த்தியசாலி. "உங்க போர்டும் வேணாம், உங்க காடும் வேணாம்" என்று தூக்குவாளியை வாசல் கட்டையில் மாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். காவலர்கள் வாசலுக்கு உள்ளே சாப்பிடக் கூடாது என்பதால், போர்டுகாரர் தினமும் காட்டை விட்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு உள்ளே வந்தார்.

ஆட்சி மாறிய புதிதில் கரைவேட்டி கட்டின உள்ளூர்க்காரர் ஒருவர் மான் கறி ஆசையில் ஆள்களோடும் வேட்டை நாயோடும் வந்து, "யோவ், இப்ப ஆட்சி யாருதுன்னு தெரியுமில்ல?" என்று கேட்டார்.

"தெரியுங்க. உங்களுதுதான். நாயக் கட்டிட்டு வாங்க."

அவர் போன பிறகு நான், "என்னங்க இப்படிப் பகைச்சுக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பகையா? நாயத்தான கட்டச் சொன்னேன்" என்றார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பதுதான் விசேஷம்.

இப்படிப்பட்டவரிடம்தான் அந்தத் தை மாதம் அஞ்சலை வந்து சேர்ந்தாள்.

அது சம்பா அறுவடை நேரம். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு ஆள்கள் வயலில் இறங்காமல் நின்றார்கள். மிராசுதார் வெளியூர் ஆள்களை இறக்கினார். இவர்கள் மறித்தார்கள். அடிதடி ஆயிற்று. கூலி ஆள்களின் தெருவுக்குத் தீ வைக்கப்போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பேச்சு வந்தால் யாரும் அதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒரு காலை வேளையில் சட்டி பானை, கோழி, பிள்ளைகளோடு ஒரு தெருவே காட்டு வாசலில் வந்து நின்றது. முன்னால் நின்றவள் அஞ்சலை. பக்கத்தில் நிறைமாசமாக அவள் மகள் பாக்கியம்.

போர்டுகாரர் இவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டால் போக்கிடம் கிடையாது. பின்னால் மிராசுதார், முன்னால் கடல்.

"வாங்கம்மா" என்றார் அவர்.

அஞ்சலை திரும்பிப் பார்த்தாள். தனக்குப் பின்னால் யாரோ பெரிய வீட்டு அம்மாள் நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறாள். பின்னால் கோழிதான் நின்றது.

"எதுக்கு வந்திருக்கீங்க?"

"உசுருக்குப் பயந்துட்டு வந்துருக்கோம் அய்யா."

போர்டுகாரர் பர்மிட் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "அப்படி ஒரு காரணத்துக்குப் பர்மிட் கிடையாதும்மா. வேட்டை, முகாம் பயிற்சி, பறவை பார்க்கறது. இந்த மூணுல ஒண்ணு சொல்லுங்க."

அஞ்சலை அவரைப் பார்த்தாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

"பறவ பாக்குறோம் அய்யா" என்றாள்.

"கிளார்க் சார், பர்மிட் போடுங்க."

போட்டேன். தெருவே பலகைக்கு முன் நின்று விதிகளைத் திருப்பிச் சொன்னது. அரிவாள்களெல்லாம் ஆபீசுக்குள் வந்து சேர்ந்தன.

இத்தோடு விட்டிருந்தால் அவர் போர்டுகாரர் இல்லை. பர்மிட்டில் பறவை பார்க்க என்று இருக்கிறதல்லவா? விடிந்ததும் எல்லாரையும் தேக்கத்தின் கரைக்கு வரிசையாக அழைத்துப்போய்ப் பறவை பார்க்க வைத்தார். பயத்தில் ராத்திரி கண் மூடாத ஜனங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நாரையைப் பார்த்தார்கள்.

"அதோ, கரையில நிக்கிறது உள்ளான்" என்றார்.

"தெரியும் அய்யா, கொழம்பு நல்லாருக்கும்" என்றாள் அஞ்சலை.

அன்று சாயங்காலம் அவர் தனியாகப் போய்க் கரையில் நின்ற உள்ளான்களை எண்ணிவிட்டு வந்தார்.

நாலைந்து நாள் கழித்து ஜீப் வந்தது. மிராசுதாரின் காரியஸ்தரும் இரண்டு ஆள்களும். ஆள் கைக்கொரு துப்பாக்கி. குறுக்குக் கட்டைக்கு முன்னால் ஜீப் நின்றது.

"எங்க போறீங்க?" என்றார் போர்டுகாரர்.

"வேட்டைக்கு" என்றார் காரியஸ்தர்.

என்னைக் கேட்டால் காரியஸ்தர் செய்த ஒரே தப்பு அதுதான். 'ஆளைத் தேடி வந்திருக்கிறோம்' என்று உண்மையைச் சொல்லியிருந்தால் போர்டுகாரரிடம் அதற்கு விதி கிடையாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார். வேட்டைக்கு விதி இருந்தது. நிறையவே இருந்தது.

"லைசென்ஸ் இருக்கு, பன்னிக்குத்தான்" என்று காரியஸ்தர் நீட்டினார்.

"சரிங்க. ஆனா பறவைங்க வந்திருக்கிற மாசத்துல வெடிச் சத்தம் கூடாது. பங்குனிக்கு மேல வாங்க."

"அப்ப சும்மா சுத்திப் பாத்துட்டுப் போறோம்யா."

"தாராளமா. ஜீப்பு இங்க நிக்கட்டும். துப்பாக்கியக் குடுத்துட்டுப் போர்டப் படிங்க."

காரியஸ்தர் பலகையைப் பார்த்தார். "கூடாதுன்னுதான்யா இருக்கு."

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஒருவன் இறங்கி வந்து துப்பாக்கிக் கட்டையைப் போர்டுகாரர் மார்பில் வைத்து அழுத்தினான். "நாளைக்கு ஒனக்கு இந்த வேலை இருக்காது, தெரியுமா?"

"நாளைக்குத்தான? இன்னைக்கு இருக்கு. குடுங்க."

இரண்டு கைகளையும் நீட்டினார், அன்றைக்குச் சின்னப் பையனிடம் நீட்டின மாதிரியே. முன்னால் நின்றவர்களுக்கு அந்தக் கைகள்தான் தெரிந்திருக்கும். பின்னால் நின்ற எனக்கு, காக்கி நிஜாருக்குக் கீழே அவர் ஒரு காலை மற்றதோடு இறுக்கிப் பின்னிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அந்த மனிதருக்கும் பயம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

காரியஸ்தர் கணக்குப் போடத் தெரிந்தவர். காக்கிச் சட்டை சர்க்கார் சட்டை. அதில் ரத்தம் பட்டு மேலிடத்தில் கேள்வி வந்தால் மிராசுதார் முதலில் கைகழுவுவது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரியும். "குடுங்கடா" என்றார்.

அதன் பிறகு நடந்ததுதான் எங்கள் காட்டின் சரித்திரத்திலேயே மிக நீண்ட சுற்றுலா. விசிட்டர்கள் காவலர் துணையில்லாமல் போகக் கூடாது. எனவே போர்டுகாரரே கூட்டிப்போனார். தேக்கத்தைச் சுற்றிக் கணுக்கால் சேறு, உப்பங்கழி ஓரம் முழங்கால் சேறு. வாயைத் திறந்தால், "பேசக் கூடாதுங்க, பறவை கலைஞ்சிடும்." கிழக்கே மரங்களுக்கு மேல் புகை தெரிந்தது. காரியஸ்தர் நின்றார்.

"அங்க என்ன பொகை?"

"முகாம். பறவை பார்க்க வந்தவங்க. வேட்டை லைசென்ஸ்காரங்க முகாம் பக்கம் போகக் கூடாது. இப்படி வாங்க."

வெயில் சாயும்போதுதான் வந்து சேர்ந்தார்கள். காரியஸ்தர் ஒற்றைச் செருப்போடு நடந்து வந்தார். இன்னொன்று சேற்றில் புதைந்துவிட்டதாம். குனிந்து எடுக்கப் போனவரை, காட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று போர்டுகாரர் தடுத்திருக்கிறார். எடுக்காமல் நடந்தபோது, காட்டில் எதையும் போடக் கூடாது என்று கண்டித்தும் இருக்கிறார். துப்பாக்கிகளைத் துடைத்து இரண்டு கைகளாலும் கொடுத்து, "மறுபடி வாங்க" என்றார். அவர்கள் மறுபடி வரவேயில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் பாக்கியத்துக்கு வலி எடுத்தது. செய்தி ஊருக்குள் போயிற்று. போர்டுகாரரின் மனைவி சுடுதண்ணிப் பானையோடு ஓட்டமும் நடையுமாக வந்தார். வாசலில் நிற்கவில்லை. நெருப்பு முதல் மரியாதை வரை எல்லா விதிகளையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். ஒரு விதி விடவில்லை. போர்டுகாரர் விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார். சற்று நேரத்தில் குழந்தை அழும் சத்தம் வாசல் வரை கேட்டது.

தாலுகா ஆபீசில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி, கூலி நெல் கொஞ்சம் கூடியது. தெருவுக்குப் போலீஸ் காவல் போட்டார்கள். ஜனங்கள் ஊர் திரும்பலாம் என்று ஆயிற்று. முகாம் இடத்தைக் கூட்டிப் பெருக்கவைத்து, மணல் குழியை மூடவைத்து, வாசலில் நிறுத்தித் தலைகளை எண்ணினார் போர்டுகாரர். பர்மிட்டில் இருந்ததைவிட ஒரு தலை கூட இருந்தது.

அவர் முகம் மாறியது. காட்டிலிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது. இது காட்டில் கிடைத்தது. அவர் விளையாடவில்லை. அந்த மனிதருக்கு விளையாடத் தெரியாது. பலகையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நீங்களே வச்சுக்குங்க அய்யா" என்றாள் அஞ்சலை, பேத்தியை நீட்டி.

துப்பாக்கி வாங்குகிற மாதிரியே இரண்டு கைகளாலும் வாங்கினார். குழந்தை அவருடைய காக்கிச் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது.

"வர்றப்பவே உள்ளதான் இருந்திருக்கு. நான்தான் எண்ணாம விட்டுட்டேன்" என்றார். "கிளார்க் சார், தப்பு என் பேர்ல. திருத்திக்குங்க."

அவருடைய சர்வீசில் அவர் ஒப்புக்கொண்ட ஒரே தப்பு அது. அதுவும் அவர் செய்யாதது.

குழந்தையை அஞ்சலையிடம் கொடுத்து, "மறுபடி வாங்க" என்றார்.

மிராசுதார் சும்மா இருப்பாரா? பங்குனிக்குள் போர்டுகாரரை ஒரத்தநாடு பக்கம் ஒரு நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். அங்கே தேக்கங்கன்றுகள்தான் உண்டு, விதி எதுவும் கிடையாது. போய்ச் சேர்ந்த வாரமே விதிகளை ஏற்படுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் சேதி இல்லை. வெகுகாலம் கழித்து, இறந்துவிட்டார் என்ற சேதி மட்டும் வந்தது.

போன மாதம் மகனோடு காரில் அந்தப் பக்கம் போனேன். வாசலில் புதிய பலகை, பளபளவென்று. எல்லா வரியும் முழுதாகத் தெரிந்தது. பாலை மரம் அப்படியே இருந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுத்த பையன் தலைகூட நிமிரவில்லை. மகன் ஹாரன் அடித்தான். நான் இறங்கிப் போய்ப் பலகைக்கு முன்னால் நின்றேன். திருப்பிச் சொல்லச் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு விதியாக, சத்தமாகச் சொன்னேன். பலகையில் இல்லாத அந்தக் கடைசி விதியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன்.