பங்காக் காற்றில் வந்த சட்டம்

கோர்ட்டு இல்லாத ஊர் உண்டு. சட்டப்புலி இல்லாத கடைத்தெரு உண்டா?

வெள்ளைக்காரன் காலத்து இலங்கை மலைநாட்டில், லுணுகலைக் கடைத்தெருவின் சட்டப்புலி தேத்தண்ணிக் கடை வீரசிங்கம். பதுளைக் கோர்ட்டில் மூன்று மாதம் இருந்தவர். வக்கீலாகவா? இல்லை. நீதவானின் தலைக்கு மேல் தொங்கிய பங்காவைக் கயிறு பிடித்து இழுத்தவர். நீதவானுக்குக் காற்றும் தமக்குச் சட்டமும் ஒரே கயிற்றில் வந்தன என்பது அவர் கட்சி.

மடுல்சீமையிலிருந்து சாமான் வாங்க இறங்குகிற தேயிலைத் தோட்டத்துச் சனத்தைப் பிடித்து உட்கார வைத்து, தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, தொண்டையைக் கனைத்து, தோளில் இல்லாத கறுப்பு அங்கியை ஒருமுறை சரிசெய்துகொண்டு தொடங்குவார்.

"போலீசுக்காரன் வந்தா பயப்படக்கூடாது. கேக்காததுக்கு வாயத் தொறக்கக்கூடாது. வாரண்டக் காட்டுன்னு கேக்கணும். அது இல்லாம ஒன்னத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுபோக அவனால ஆகாது. தெரிஞ்சுக்க!"

சரியான சட்டம்தான். அதில் குறை சொல்ல முடியாது.

அதை நம்பித்தான் ஒரு மழைநாள் காலையில் மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து மாரியாயி வந்து நின்றாள். பதுளைக்கு அப்பால் ஹல்துமுல்லையில் மகளுக்குத் தலைப்பிரசவம். பக்கத்தில் வேறு ஆள் இல்லை. சொல்லாமல் தோட்டத்தை விட்டால் போலீஸ் பிடிக்கும் காலம் அது; இவளோ ஒரு மாதம் முன்கூட்டியே சொல்லி, முறைப்படி விட்டவள். கொழுந்து கூடின மாதத்தில் ஆளை விட மனமில்லாத கங்காணியோ, அவள் ஓடிப்போய்விட்டாள் என்று போலீசில் சொல்லி வைத்திருந்தார்.

"பதுளை வண்டி வர்ற வரைக்கும் பின்னால வெறகுக் கொட்டில்ல இரு தங்கச்சி. எவன் வர்றான்னு பாத்துடுறேன். நான் இருக்கேன்!"

இருந்தார். அரைமணி நேரம்.

பிறகு போலீசுக்காரன் வந்தான். எதற்கு? மழைக்கு ஒதுங்க. சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் நெருப்பு" என்றான். அவ்வளவுதான் கேட்டான்.

வீரசிங்கத்தின் தலைப்பாகை தோளுக்கு இறங்கியது, தோளிலிருந்து இடுப்புக்கும் இறங்கியது.

"ஐயா, சத்தியமா அந்தக் கொட்டில்ல இருக்கிற பொம்பளய எனக்குத் தெரியாதுங்க! மாரியாயின்னு ஒரு பேரே நான் கேட்டதில்லீங்க! மடுல்சீமை எந்தத் திக்குன்னுகூடத் தெரியாதுங்க!"

போலீசுக்காரன் நெருப்பை மறந்துவிட்டுக் கொட்டிலுக்கு நடந்தான். அவன் நனையாமலிருக்க வீரசிங்கம் குடை பிடித்துக்கொண்டு போனார். கொட்டிலின் படலைக் கதவையும் அவரே திறந்துவிட்டார்.

விறகின்மேல் உட்கார்ந்திருந்த மாரியாயி எழுந்து நின்றாள். மகளை நினைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"வாரண்டு இருக்குங்களா? காட்டுங்க."

நெருப்புக் கேட்டு வந்தவனிடம் வாரண்டு ஏது? "கொண்டாறேன், இரு" என்று உறுமிவிட்டு மழையில் இறங்கிப் போனான். அவன் திரும்புவதற்குள் பதுளை வண்டி வந்துவிட்டது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தபின் அவள் சொன்னாள்: "அண்ணே, நீங்க சொல்லிக் குடுத்த பாடந்தான் என்னக் காப்பாத்துச்சு. அத ஒங்களுக்கும் யாராச்சும் சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்."

வீரசிங்கத்துக்கு அந்தப் பின்பாதி காதில் விழவேயில்லை. மறுநாளே கடையில் கூட்டம் சேர்த்துவிட்டார். "கொட்டில் வாசல் வரைக்கும் வந்தானே, தொட முடிஞ்சிச்சா? யார் குடுத்த சட்டம்?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். கூடவே, "எனக்கும் அந்த மனிதருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்று மனத்துக்குள் அவசரமாகச் சொல்லிக்கொள்கிறீர்களே, உங்களை யார் கேட்டது?