ஏழாம் படுக்கையின் சாட்சி

மார்னி இரண்டு பேரிடம் ஒரே பொய்யைச் சொல்லியிருந்தாள். அந்த இரண்டு பேரும் மதியம் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அமெரிக்காவின் டொலீடோவில் ஒரு ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருடமாக நர்ஸ். மேலே படித்து அறுவை அரங்கில் மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸாவதா, நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதித் தரும் நர்ஸாவதா என்று மூன்று வருடமாக ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிவந்தாள். கோடு ஒன்றுதான் நேராக இருந்தது.

மயக்க மருந்து கொடுக்கும் டுவேனிடம், "சின்ன வயசுலேர்ந்து இதுதான் என் கனவு" என்று சொல்லிச் சிபாரிசுக் கடிதம் கேட்டாள். மறுநாள், மருந்து எழுதும் ஜோலீனிடமும் அதே கனவு.

சாப்பாட்டு மேசையில் கனவுகள் சந்தித்துக்கொண்டன. ஜோலீனே எழுதட்டும் என்றான் அவன். டுவேனே எழுதட்டும் என்றாள் அவள். சமாதானம் செய்ய மார்னி டோனட் பெட்டியோடு போனாள். லஞ்சம் கொடுக்கிறாள் என்று பிரிவு முழுக்கப் பேச்சாயிற்று. காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து அழுதாள். ஹார்ன் அலறிக் காவலாளி ஓடி வந்தார்.

மிச்சமிருந்தவள் தலைமை நர்ஸ் வெர்னா.

"ஒரு கடிதம்தான் எழுதுவேன், மார்னி. எந்தப் படிப்புக்குன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லு. இன்னையோட ரெண்டு காலேஜும் விண்ணப்பக் கதவைச் சாத்துது. இன்னொரு வருஷம் இந்தப் புலம்பலை என்னால கேக்க முடியாது."

மார்னி வழக்கம்போல் ஏழாம் படுக்கை ப்ரூபேக்கரிடம் போனாள். தொண்டையில் செயற்கைச் சுவாசக் குழாயோடு பதினோரு நாளாக மயக்கத்தில் கிடப்பவர். மயங்கிக் கிடப்பவரிடமும் பேசிக்கொண்டேதான் வேலை பார்க்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் பழக்கம். மற்றவர்கள் மழை, பேஸ்பால் என்று பேசுவார்கள். மார்னி நோட்டை வாசித்துக் காட்டுவாள்.

அன்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெளிந்தது. இவள் கையால் ஏற்றி இறக்கிய மயக்க மருந்தில் மனிதர் ஒரு தடவைகூட அசையவில்லை. வெர்னாவிடம் ஓடினாள்.

"மயக்க மருந்துதான். அது ஒண்ணுதான் எனக்குக் கைவந்திருக்கு."

வெர்னா ப்ரூபேக்கரையே உதாரணம் காட்டி எழுதி அனுப்பினாள். இன்னொரு கல்லூரியின் கதவு அன்றோடு மூடியது.

மறுநாள் காலை மருந்தை நிறுத்தி ப்ரூபேக்கரின் குழாயை எடுத்தார்கள். வெர்னா பெருமையோடு பக்கத்தில் நின்றாள். அவர் இரண்டு முறை இருமினார். கண்ணால் மார்னியைத் தேடிப் பிடித்தார்.

"மயக்க மருந்து உனக்கு வேண்டாம்மா, அந்த இன்னொரு படிப்புக்கே போ. பதினோரு நாளா உன் நோட்டுல ஒரு வரிகூட எனக்குத் தப்பல."