மூன்று சுவர் தாண்டி ஒரு கேள்வி

கணினித் திரையில் தையல் டீச்சரின் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. ஊசியில் நூல் கோக்கத் தூக்கிய கை அப்படியே அந்தரத்தில். கடிகாரக்காரருக்கு அதைப் பார்த்தபடியே ஒரு யுகம் உட்கார்ந்திருக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி தொண்டைவரை வந்து நிற்கிறதே!

மனிதருக்கு வயது நாற்பத்து மூன்று. முன்பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை, பின்கட்டில் வீடு. வெளியூரிலிருந்து டீச்சர் ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பழுதுக்கு அனுப்பினார். அது சரியாகித் திரும்பிப் போயும், ஞாயிறு மாலை பின்கட்டில் உட்கார்ந்து வீடியோவில் பேசுவது மட்டும் நிற்கவில்லை.

அந்த ஒரு மணி நேரம் அவருக்குக் கனவு மாதிரி. ஜன்னல் வழியே மஞ்சள் வெயில் சாயும். கடைக் கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் அடிப்பது கேட்கும். டீச்சரின் அளவுநாடா அவரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு மிதப்பதுபோல் தோன்றும். அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிடும்.

வார்த்தைகள் பாதியில் விழுந்துபோனால் திரும்பச் சொல்லும்படி கேட்க மனிதருக்குக் கூச்சம். "ரொம்ப சந்தோஷம்" என்று சிரித்தபடி சொல்லிவைப்பார். ஒருமுறை டீச்சர் கடைவாய்ப் பல் பிடுங்கிய கதையைச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னார். போன வாரம் படம் முழுதாக இரண்டு நிமிடம் நின்றது. உயிர் வந்தபோது டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்து, இவர் வழக்கம்போல "ரொம்ப சந்தோஷம்" என்றார். அதற்குப் பிறகு டீச்சரின் தம்பி, பேக்கரி வைத்திருப்பவர், இவரை 'சார்' என்று கூப்பிடுவதை விட்டு 'மாமா' என்றார். அவ்வளவு கிழடு தட்டிவிட்டதா என்று இவர் கண்ணாடி முன் நின்று நரையை எண்ணினார்.

கல்யாணக் கேள்வியைப் பாதியில் விட்டால் மானம் கப்பலேறிவிடும். முதலில் இந்த இணைப்பைச் சரிசெய்ய வேண்டும் என்று முடிவெடுத்தார்.

இணையப் பெட்டி கடையில் இருந்தது. மேலே விரற்கடை தூசி. தூசி பட்ட இயந்திரம் ஓடுமா? அது அவர் தொழில் கற்றுத்தந்த பாடம். பெட்டியைத் துடைத்து, தகர பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு துளை போட்டு வயரை இழுத்துவிட்டு, மூடியை இறுக்கி மூடினார். அடுத்த ஞாயிறு டீச்சரின் முகமே வரவில்லை.

டப்பாவோடு தூக்கி இரும்பு பீரோவின் மேல் வைத்தார். பலனில்லை. சிக்னலை வாங்கிக் கடத்தும் இன்னொரு பெட்டி வாங்கி, மீன் தொட்டிக்குப் பின்னால் பொருத்தினார். இப்போது டீச்சர் முதலில் வாயசைத்தார், குரல் வேறொரு நாள் வந்தது. இவர் தலையாட்டியதெல்லாம் முந்தின பேச்சுக்கு.

கடைசியில் இணைப்புக் கம்பெனிப் பெண்ணை வரவழைத்தார். அந்தப் பெண் டப்பா மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல ஊறுகாய் போட்டிருக்கலாமே சார்."

"தூசி படக் கூடாதுன்னுதான்..."

தகரமும் பீரோவும் சிக்னலைத் தடுக்கும், தொட்டித் தண்ணீர் குடித்துவிடும், நடுவில் மூன்று சுவர் வேறு என்று அந்தப் பெண் விரல் விட்டுச் சொன்னார். புதுப் பெட்டியோ, வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் ஒரே வாயை வைத்துக்கொண்டு பாதி வேகத்தைத் தின்றுவிட்டதாம். போதாததற்கு அக்கம்பக்கத்து வீட்டுப் பெட்டிகளும் அதே காற்றில் பேசுகின்றன, ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்க வேண்டும்.

"காத்துல போறது சந்தையில கூவுற மாதிரி. வயர்ல போறது காதுல சொல்ற ரகசியம். உங்களுக்கு எது வேணும்?"

"ரகசியம்தாம்மா," என்றார் கடிகாரக்காரர். காது சிவந்துவிட்டது.

நீல வயர் ஒன்று கடையிலிருந்து கிளம்பி, பீரோவைச் சுற்றி, மீன்களைத் தாண்டி, பின்கட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது.

ஞாயிறு மாலை. படம் கண்ணாடி மாதிரி இருந்தது. டீச்சரின் தோளில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகூடத் தெரிந்தது. வெயில் சாய்ந்தது, கடிகாரங்கள் அவரவர் நேரத்தில் ஓடின. மிதக்கிற மாதிரியே இருந்தது மனிதருக்கு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேவிட்டார்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமாங்க?"

கண்ணைத் திறந்தால், டீச்சர் அசையவில்லை. திறந்த வாய் திறந்தபடி. இவர் பதறிப்போய் வயரை ஆட்டினார், செருகினார், பிடுங்காத குறை. அப்புறம்தான் கவனித்தார். டீச்சருக்குப் பின்னால் திரைச்சீலை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உறைந்தது படமில்லை.

தம்பி டீ டம்ளரோடு படத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, போன மாசம் அக்கா இதையே உங்ககிட்ட கேட்டப்பவும், வர்ற பத்தாம் தேதி வசதியான்னு கேட்டப்பவும் 'ரொம்ப சந்தோஷம்'னீங்க. நானூறு பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு, இப்ப வந்து சம்மதமான்னு கேக்கறீங்க?"